காப்பி அடிக்க முடியாத காப்பி

பாபநாசத்தில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். படத்தை வெட்டி ஒட்டுவது இப்போது பள்ளிக்கூடப் பையனே செய்துவிடுவான். "நடுவுல நச்சுன்னு ஒரு வரி போடுங்க" என்று கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் கடைக்குக் கடை வித்தியாசம் தெரியும். கும்பகோணம் ரோட்டில் டிகிரி காபிக் கடை திறந்த ஒருவருக்கு "காப்பி அடிக்க முடியாத காப்பி" என்று எழுதிக் கொடுத்தேன். பேனர் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. வரியை மட்டும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் அக்கா மகன் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். படிப்பை விட ராப் பாடுவது அதிகம். ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வரும்: "மாமா, காவிரின்னு முடியுது. அதே மாதிரி சத்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு சொல்லுங்க." அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன். நான் ப்ளஸ் டூ. இங்கிலீஷ் இலக்கணத்தில் புலி இல்லை. காதை நம்பித் தொழில் செய்பவன்.

முதல் வேலை, ஸ்பெல்லிங்கை மறப்பது. இங்கிலீஷில் எழுத்து ஒரு வழி போகும், சத்தம் இன்னொரு வழி போகும். ஓ, யு, ஜி, ஹெச் என்ற நாலு எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டஃப்' என்பதில் ஃப், 'த்ரூ' என்பதில் ஊ, 'தோ' என்பதில் ஓ, மரக்கிளையைச் சொல்லும் 'பவ்' என்பதில் வேறொன்று, இருமலுக்கு 'காஃப்'. கடைசி நாலு எழுத்து அச்சு அசலாக அதேதான், ஆனால் பாட்டில் ஒன்றுக்கொன்று சேராது. 'லவ்', 'மூவ்' இரண்டும் அப்படித்தான். காகிதத்தில் ஒட்டும், வாயில் ஒட்டாது. அதனால் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இதுதான் என் முழு முறையே. தமிழில் எழுதியவுடன் பேசாத எழுத்தெல்லாம் உதிர்ந்துபோகும். வீரனைச் சொல்லும் 'நைட்' என்பதில் கே நிற்காது. ராத்திரியைச் சொல்லும் 'நைட்' பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பூவும் 'ஃப்ளவர்', மாவும் 'ஃப்ளவர்'. சாக்லேட்டைச் சுற்றுவதும் 'ராப்', என் மருமகன் பாடுவதும் 'ராப்'.

இதில் அடி வாங்கியும் இருக்கிறேன். ஒரு பியூட்டி பார்லர் போர்டுக்கு 'பிரைடல் மேக்கப்' என்று இங்கிலீஷில் அடிக்க வேண்டும். காதில் விழுந்ததை அப்படியே டைப் செய்தேன். கடைசியில் ஏ, எல் வர வேண்டிய இடத்தில் எல், இ போட்டுவிட்டேன். அப்படிப் போட்டால் அது குதிரைக் கடிவாளம். சத்தத்தில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. பத்தடி போர்டு மாட்டி, இரண்டு நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பெண் சொல்லித்தான் எல்லாருக்கும் தெரிந்தது. என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். தேடும்போது காது போதும், அச்சுக்குப் போகும்போது டிக்‌ஷனரியைத் திறக்க வேண்டும் என்பது அன்றைக்குப் படிந்தது.

சரி, சொல்லைத் தமிழில் எழுதியாயிற்று. அடுத்து எங்கே வெட்டுவது? இங்கிலீஷ்காரர் கணக்கில், ஒரு சொல்லில் எந்த இடத்தை அழுத்திச் சொல்கிறோமோ அந்த உயிர் ஓசையிலிருந்து கடைசி வரை ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் நிற்கும் மெய் மாற வேண்டும். 'ஸ்டேஷன்', 'நேஷன்' இரண்டும் சேரும், 'ஏஷன்' பொது. நகல் என்ற பொருளில் வரும் 'காப்பி'யோடு 'பாப்பி'யும் 'ஃப்ளாப்பி'யும் சேரும். குடிக்கிற 'காஃபி'யோடு 'டாஃபி' சேரும். 'ஹேப்பி', 'பப்பி' இரண்டும் 'ப்பி' என்று முடிந்தாலும் அவர்களுக்குச் சேராது, அழுத்தும் உயிர் வேறு. நம் எதுகைக் கணக்கு வேறு மாதிரி: முதல் எழுத்து குறிலா நெடிலா என்ற அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும். அந்தக் கணக்கில் 'ஹேப்பி', 'காப்பி' ஜோடி அருமையாக நிற்கும். 'பப்பி' குறிலில் தொடங்குவதால் வெளியே போய்விடும். ஆக, யார் கேட்கப் போகிறார்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அம்மாப்பேட்டை திருவிழா மேடையா, வெளிநாட்டில் காதில் ஹெட்ஃபோன் மாட்டியவரா? காபிக் கடை பேனர் நம்மூர் வாய்க்குத்தான் சிலேடை. இங்கிலீஷ்காரருக்கு அந்த இரண்டு காப்பியும் இரண்டு வேறு சத்தம்.

வெட்டிய வாலுக்கு முன்னால் மெய்யெழுத்துகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பது அடுத்தது. சின்ன வயதில் க, கா, கி சொன்னோமே, அதேதான். 'ஐட்' என்ற வாலை வைத்துக்கொண்டு கைட், சைட், டைட், நைட், பைட், மைட், ரைட், லைட், ஒயிட், ஹைட், ஃபைட் என்று போங்கள். அப்புறம் இரட்டை மெய்: ஃப்ளைட், ஃப்ரைட், ப்ரைட். இந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். பளிச்சென்று இருப்பதும் 'ப்ரைட்', மணப்பெண்ணும் 'ப்ரைட்'. இங்கிலீஷில் ஒன்றுக்கு வல்லோசை, இன்னொன்றுக்கு மெல்லோசை. தமிழ் எழுத்தில் ஒரே ட். "எங்க வீட்டு ப்ரைட், இனி உங்க வீட்டு லைட்" என்று ஒரு வரவேற்பு பேனருக்கு எழுதினேன். மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாக இரண்டு பேனர் ஆர்டர் கொடுத்தார்கள்.

நம் எழுத்தில் ஒரு குறை உண்டென்று இங்கிலீஷ் வாத்தியார்கள் திட்டுவார்கள்: ஒரு 'க'வுக்குள் இரண்டு சத்தம், ஒரு 'ப'வுக்குள் இரண்டு சத்தம். வார்த்தை விளையாட்டுக்காரனுக்கு அந்தக் குறைதான் முதலீடு. 'கேப்' என்று எழுதுங்கள். தொப்பியும் வரும், வாடகைக் காரும் வரும், இடைவெளியும் வரும். 'பேக்' என்றால் பையும் முதுகும் மூட்டை கட்டுவதும் அடுப்பில் ரொட்டி சுடுவதும். 'மேட்' என்றால் மிதியடி, பைத்தியம், கூட்டாளி, 'செய்தது' என நாலு. இங்கிலீஷ் டிக்‌ஷனரியில் நாலு பக்கத்தில் சிதறிக் கிடப்பவற்றை நம் எழுத்து ஒரே பாயில் உட்கார வைக்கிறது. இதை அமெரிக்காவில் மெஷின் மாதிரிக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள் என்று மருமகன் காட்டினான். சவுண்டெக்ஸ் என்று பெயர், 1918இல் காப்புரிமை வாங்கியது. எழுத்து மாறினாலும் சத்தம் ஒத்த ஆள் பெயர்களை ஒரே இடத்தில் அடுக்குவதற்கான ஏற்பாடு. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்தை எல்லாம் தள்ளிவிட்டு, மீதி மெய்களுக்கு எண் கொடுப்பார்கள். 'பேனா'வின் ப, 'பஸ்'ஸின் ப, எஃப், வி நாலுக்கும் எண் 1. டி இரண்டுக்கும் 3. எம், என் இரண்டுக்கும் 5. "மாப்ள, இது நம்ம வல்லினம், மெல்லினம்தாண்டா" என்றேன். இன எதுகை என்று யாப்பில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவே: அதே எழுத்து கிடைக்காவிட்டால் அதன் இனத்து எழுத்தை வை. 'டைம்' என்பதற்குச் சரியான ஜோடி தேடி அலுத்துப் போனால் 'லைன்', 'மைன்', 'சைன்' பக்கம் போகலாம். ம், ன் இரண்டும் மெல்லினம், மைக்கில் பாடும்போது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ராப்பில் பல நேரம் உயிர் ஓசை நின்றால் போதும், மெய்யைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

எலும்புக்கூடு முறை ஒன்றும் இருக்கிறது. மெய்களை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் உயிரை மட்டும் மாற்றுவது. டேம், டைம், டீம், டோம். "டேம் திறக்கிற டைம்" என்பது அப்படிக் கிடைத்ததுதான்.

இனி நான் அதிகம் பிழைக்கிற இடம். இங்கிலீஷ் சொல் நம்மூர் வாய்க்குள் வந்தால் கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். லேட்டு, ரைட்டு, கேட்டு, லவ்வு, ஹார்ட்டு. அந்த உகரம் ஒட்டியதும் அது தமிழ்ச் சொல்லோடு சம்பந்தம் பேசத் தயாராகிவிடும். வாசல் 'கேட்டு'க்கும் "நான் கேட்டு வந்தேன்" என்ற 'கேட்டு'க்கும் என்ன வித்தியாசம்? இங்கிலீஷில் 'லவ்' என்ற சொல்லுக்குச் சுத்தமான ஜோடி விரல் விட்டு எண்ணும் அளவுதான்: டவ், க்ளவ், ஷவ், அபவ். அதனால்தான் அவர்கள் காதல் பாட்டில் புறாவும் கையுறையும் மேலே இருக்கிற வானமும் திரும்பத் திரும்ப வருகிறது, பாவம். நமக்கு 'லவ்வு' என்று ஆக்கிக்கொண்டால் கவ்வு, தவ்வு எல்லாம் இருக்கிறது. 'ரோடு' என்ற சொல்லைப் பாருங்கள். ஓடு, கோடு, மேடு, காடு, வீடு என்று பெரிய குடும்பம். உருபு சேர்த்தால் இன்னும் வேடிக்கை: வீடு 'வீட்டுல' ஆவது போலவே ரோடு 'ரோட்டுல' ஆகிறது, டகரம் தானாக இரட்டிக்கிறது. வெளியூர்ச் சொல் நம் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. ரோட்டுல, வீட்டுல, காட்டுல, பாட்டுல, கேட்டுல. உருபு ஒட்டினாலே பாதி இயைபு வந்துவிடும். மருமகன் முதல் பாட்டு முழுக்க இப்படி 'ட்டுல' என்றே முடித்திருந்தான். கேட்கச் சகிக்கவில்லை. சுலபமாகக் கிடைக்கும் ஜோடியை இரண்டு வரிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

'ஆரஞ்சு' என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் சுத்தமான ஜோடி கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். பழ வண்டிக்காரர் ஒருவருக்குச் சின்ன போர்டு எழுதினேன்: "ஆளுக்கு ஒரு பை ஆரஞ்சு, ஆறஞ்சு முப்பது." ஜோடி கிடைத்துவிட்டதா?

தமிழில் எழுதினால் இரண்டு மொழிக்கும் முழுசாக ஒன்றுபோல வரும் சொற்களுக்குத் தனி நோட்டு போட்டிருக்கிறேன். டெல்டாவில் பிறந்ததற்கு இது ஒரு லாபம். 'போர்' என்று ஒரு பக்கம்: யுத்தம், வைக்கோல் போர், தண்ணீர் எடுக்கிற போர், சலிப்பூட்டுகிற போர். 'தார்': ரோட்டுத் தார், திருவையாறு பக்கத்து வாழைத்தார். 'மோர்': சொம்பில் இருப்பதும், இங்கிலீஷில் 'இன்னும்' என்பதும். கோடைத் தண்ணீர்ப் பந்தலுக்கு "மோர் வேணுமா? மோர் வேணுமா?" என்று இரண்டு தடவை எழுதினேன், பாதிப் பேர் அச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்து போனார்கள். சிலேடைக்கு ஒரு கைகாட்டி வேண்டும், இல்லையென்றால் வீண். 'சம்பா': இங்கே வயலில் போடுவது, பிரேசிலில் ஆடுவது. "சம்பா போட்டாச்சு, சம்பா ஆடலாம்" என்பதை இரண்டு வருஷமாகக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஒரு அறுவடைத் திருவிழாவும் அமையவில்லை. 'டிகிரி' சொல்லவே வேண்டாம், கும்பகோணத்துக்காரன் எவனுக்கும் அது தானே வரும்.

வலைத்தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. ரைம்சோன் என்ற தளத்தில் சொல்லைப் போட்டால் சுத்த ஜோடி, ஏறக்குறைய ஜோடி, ஒரே சத்தத்துச் சொல் என்று தனித்தனியாகக் காட்டும். நான் போவது 'ஏறக்குறைய' பக்கத்துக்கு மட்டும்தான், மற்றது காதே சொல்லிவிடும். ஒன்லுக்கில் நட்சத்திரக் குறி போட்டு வாலை அடித்தால் அந்த எழுத்தில் முடியும் சொல்லெல்லாம் கொட்டும், ஆனால் அது எழுத்தைப் பார்க்கும், சத்தத்தை அல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து உச்சரிப்பு அகராதி என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. 1,30,000 சொல்லுக்கு மேல். ஒவ்வொன்றையும் 39 ஒலிகளாகப் பிரித்து, உயிருக்கு உயிர் அழுத்தம் 0, 1, 2 என்று எண் போட்டிருக்கும். அது அமெரிக்க உச்சரிப்பு, நினைவிருக்கட்டும். மருமகன் அதை வைத்து ஏதோ புரோகிராம் எழுதி, 1 போட்ட, அதாவது முக்கிய அழுத்தம் விழும் உயிரிலிருந்து வாலை ஒப்பிடச் செய்தான். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் 'கவ்வு' அதில் வராது.

இந்த வேலை புதிது என்று நினைக்க வேண்டாம். இங்கிலீஷில் 1775இலேயே ஜான் வாக்கர் என்பவர் சொற்களைக் கடைசி எழுத்தை வைத்து அடுக்கி ஒரு அகராதி போட்டார். அதற்கும் முந்தையது நம் சூடாமணி நிகண்டு. அதன் 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அதைக் ககர எதுகை, ஙகர எதுகை என்று எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ரிட்டயரான தமிழ் ஐயா ஒருவர் கடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தபோது சொன்னார். சிலேடைக்காரனுக்கு வேண்டிய இரண்டையும், பல பொருளையும் எதுகையையும், ஒரே இடத்தில் வைத்த அந்தப் புண்ணியவானுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன். என் நோட்டையும் அதற்குப் பிறகுதான் வால் வரிசையில் மாற்றி எழுதினேன். சொல்லின் முதல் எழுத்தை வைத்து எழுதி வைத்தால் அவசரத்துக்கு அகப்படாது.

இனி அந்தக் காவிரி. 2024. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பார்கள். அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலைக் கடைசி வரை இழுத்தது. போர் இருந்தவன் குறுவை போட்டான், இல்லாதவன் வானத்தைப் பார்த்தான். அந்தக் கோபத்தில் மருமகன் பாட்டு எழுத உட்கார்ந்தான். முதல் வரி உடனே வந்துவிட்டது: "மேட்டூர் தொறந்தாதான் மேட்டரு." மேட்டூர், மேட்டர், நடுவில் ஒரு உயிர்தான் வித்தியாசம். "மோட்டார் ஓடலன்னா ஏது வாட்டரு" என்று அடுத்ததும் ஓடி வந்தது. 'காவிரி' என்று வந்து நின்றதும் வண்டி சிக்கிக்கொண்டது.

நான் 'விரி', 'வரி' என்று வாலை வெட்டினேன். டெலிவரி, டிஸ்கவரி, ரெக்கவரி, ஐவரி, பிரேவரி, ஸ்லேவரி. நெடிலில் தொடங்கி அங்கேயே அழுத்தம் விழுவது காவிரியின் நடை. அந்த நடைக்குச் சரியாகப் பொருந்துவது ஐவரியும் பிரேவரியும் ஸ்லேவரியும். மருமகன் பிரேவரியைப் பிடித்துக்கொண்டான். "உங்கப்பாவுக்குப் புரியுமாடா?" என்று கேட்டேன். அவர் வலங்கைமான் பக்கம் மூன்று மா நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர். பேசாமல் இருந்தான். டெலிவரி என்றால் அவருக்கும் தெரியும், எங்கள் அம்மாவுக்கும் தெரியும். பொருத்தம் பத்தும் பார்த்து யாருக்கும் புரியாத சொல்லைக் கட்டுவதை விட, எட்டுப் பொருத்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல் மேல் என்பது என் கட்சி. அழுத்தம் நடுவில் விழுகிறதே என்றான். ஓட்டமாகச் சொல்லிப் பார், 'வ'வில் இருக்கும் அகரத்தை விழுங்கினால் டெ-லிவ்-ரி என்று இங்கிலீஷ் கணக்கில் மூன்றே அசை, கா-வி-ரியும் மூன்று என்று மேஜையில் தட்டிக் காட்டினேன். தட்டினால் தெரியும், படித்தால் தெரியாது. ஒரு மணி நேரத்தில் இப்படி வந்தது:

"ஆர்டர் போட்டா வாசல்ல பிரியாணி டெலிவரி
ஆத்துல மட்டும் ஏன் லேட்டா வருது காவிரி"

அவன் அப்பா கேட்டுவிட்டு, "கடைமடைக்கு டெலிவரியே கெடயாதுன்னு போடு" என்றார். அதுதான் மூன்றாவது வரி.

இப்போது அவனுக்கு டெல்டாவின் ஆறு ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் ஜோடி வேண்டுமாம். குடமுருட்டிக்கு 'செக்யூரிட்டி' கொடுத்தேன். மணல் லாரியை நினைத்துக்கொண்டு எழுதலாம். வெட்டாறுக்கு, அதிகம் நனைந்தது என்று சொல்ல வரும் 'வெட்டர்', சுமார்தான். வெண்ணாறு கேட்டபோது நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனே அனுப்பிவிட்டான்: "வெண்ணாறே, வென் ஆர் யூ கமிங்?" அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அரசலாறுதான் இன்னும் மாட்டவில்லை. 'ரசல்', 'டசல்' என்று எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தட்டினால் சொல்லுங்கள், பேனர் ஒன்று இலவசமாக அடித்துத் தருகிறேன்.